18 வருட செடான்: கூலண்ட் குறைகிறது, ஒழுகலைக் காணோம். சரி செய்வதா, விற்பதா?

மூடுபனி_விளக்கு:

வணக்கம். வண்டி 1.4 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், 16 வால்வு, டைமிங் பெல்ட் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். வயது 18. ஓடியது 2,12,000 கி.மீ.

கூலண்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) 500 கி.மீ.க்குச் சுமார் 300 மி.லி. குறைகிறது. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. ஆயில் மூடியின் உட்புறம் இளமஞ்சளாக நுரைபோல் ஏதோ படிந்திருக்கிறது. முன்பக்கப் பயணியின் காலடிக் கார்ப்பெட் ஈரம். ஐட்லிங் 700க்கும் 1,100க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன் இடப்பக்கம் ‘டொக் டொக்’ சத்தம். 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்துத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றி ஆறு வருடம், 55,000 கி.மீ. ஆகிறது.

பார்த்தவர்கள் எல்லாம் ‘ஹெட் கேஸ்கெட் போச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடு’ என்கிறார்கள் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு அது). ஹெட்டை இறக்கிச் செய்யும் செலவுக்கு இந்த வண்டி விலை போகாது என்பதும் தெரிகிறது. ஆனால் மெல்லிய தூண்கள், நாலு பக்கமும் தெரியும் கண்ணாடி, சாலையைக் கையில் உணர்த்தும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங், எந்தக் கடையிலும் கிடைக்கும் மலிவான பார்ட்ஸ் என்று இப்போதைய வண்டிகளில் இல்லாதது நிறைய இதில் இருக்கிறது. கொடுக்க மனம் வரவில்லை. எதை முதலில் பார்ப்பது? எந்த இடத்தில் ‘போதும்’ என்று நிறுத்திக்கொள்வது?

கிரீஸ்கை:

கேஸ்கெட்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. நீங்க சொன்னதுல கேஸ்கெட்டை மட்டுமே காட்டுற அறிகுறி ஒண்ணுகூட இல்லை. மூடியில இருக்கிற மஞ்சள் நுரை, தினமும் நாலஞ்சு கி.மீ. மட்டும் ஓடி எஞ்சின் முழுசா சூடாகாத வண்டியில, உள்ளே தங்கற ஈரத்தாலேயே வரும். ஆயில் அளக்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. அதுலயும் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா மட்டும் பயப்படணும்.

முதல்ல பிரஷர் டெஸ்ட். எஞ்சின் ஆறியிருக்கணும், இது முக்கியம். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. மூடியைக் கழட்டிட்டு அந்த வாயில கை பம்பை மாட்டி, மூடிமேல என்ன அழுத்தம் எழுதியிருக்கோ அது வரைக்கும் ஏத்துங்க. பெரும்பாலும் 0.9லேர்ந்து 1.4 பாருக்குள்ள இருக்கும் (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு). பதினஞ்சு நிமிஷம் அப்படியே விடுங்க. முள் இறங்கினா எங்கேயோ போகுதுன்னு அர்த்தம். டார்ச்சை எடுத்துக்கிட்டு ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்க்கும் அலுமினியமும் சேர்ற விளிம்பு, தெர்மோஸ்டாட் கூடு, எஞ்சினுக்குப் பின்னாடி ஃபயர்வால் (கேபினைப் பிரிக்கிற தகடு) பக்கம் போற ஹீட்டர் ஹோஸ் எல்லாத்தையும் தடவிப் பாருங்க. மூடியையும் அதே பம்புல தனியா சோதிங்க. மூடியோட ஸ்பிரிங் தளர்ந்திருந்தா கூலண்ட் ஆவியாவே வெளியே போயிடும், கீழே ஒண்ணும் தெரியாது. இருக்கிறதுலயே மலிவான பார்ட் அதுதான்.

உங்க வண்டியில நான் முதல்ல சந்தேகப்படறது வாட்டர் பம்பை. இந்த மாதிரி எஞ்சின்ல அது டைமிங் பெல்ட் கவருக்கு உள்ளே இருக்கும். பம்போட சீல் தேய்ஞ்சா, கூலண்ட் பேரிங்குக்குள்ள போகாம வெளியே வடியட்டும்னு ஒரு சின்ன ஓட்டை வெச்சிருப்பாங்க. அது வழியா கசியறது சூடான எஞ்சின் பிளாக்மேலேயே காய்ஞ்சிடும். அதனாலதான் தரையில சொட்டு விழாது. கவரோட மேல் பாதியைக் கழட்டி கண்ணாடியும் டார்ச்சும் வெச்சு கீழே பாருங்க. பச்சையாவோ வெள்ளையாவோ உப்புப் பூத்த மாதிரி கோடு இருந்தா பம்புதான்.

ஐட்லிங் கதையையும் இதோட சேர்த்துப் பாருங்க. கூலண்ட் குறைஞ்சு சென்சார் இருக்கிற இடத்துல காத்து நின்னா, எஞ்சின் சூடா குளிரான்னு கம்ப்யூட்டருக்குக் குழப்பம் வரும். அதனாலயும் ஐட்லிங் ஏறி இறங்கும். கூலண்ட்டை நிரப்பி, காத்தை எடுத்த பிறகு ஐட்லிங்கைப் பாருங்க. அதுக்கு முன்னாடி, எஞ்சினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்துற த்ராட்டில் பாடியைக் கழட்டாதீங்க.

ஃபீலர்_கேஜ்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனாலும் கேஸ்கெட் சந்தேகத்தை ஊகத்தால் தீர்க்க வேண்டாம், அளந்து தீர்க்கலாம். மூன்று சோதனைகள் போதும்.

ஒன்று, கையாலேயே செய்வது. இரவெல்லாம் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். நீர் இன்னும் சூடாகாத நிலையிலேயே ஹோஸ் கல்போல இறுகினால், அந்த அழுத்தம், சிலிண்டரில் எரிந்த வாயு கேஸ்கெட் வழியே கூலண்ட்டுக்குள் கசிவதால் வருகிறது.

இரண்டு, நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் கண்ணாடிக் குழாய் போன்ற கருவியை வைத்து, கூலண்ட்டுக்கு மேலே நிற்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுக்க வேண்டும். எரிந்த பெட்ரோலின் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். சோதனைக்கு முன் கூலண்ட் மட்டத்தை இரண்டு மூன்று அங்குலம் குறைத்துவிடுங்கள். கூலண்ட் கருவிக்குள் ஏறினால் திரவம் கெட்டு, முடிவு தவறாகும்.

மூன்றாவது கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது. இதைத்தான் பலர் தவறாகச் செய்கிறார்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். ஒரு பிளக்கை மட்டுமல்ல, நான்கையும் கழற்ற வேண்டும். ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்பொறி தரும் பாகம்) இணைப்பையும் பிரித்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி, முள் ஏறுவது நிற்கும்வரை, அதாவது ஐந்தாறு அமுக்கங்கள் வரை, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்காவிட்டால் உள்ளே போதிய காற்று போகாது. நல்ல எஞ்சினும் கெட்டதுபோல் காட்டும். பேட்டரியும் முழு சார்ஜில், நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இத்தகைய எஞ்சின்களில் 12 பார் வந்தால் நன்று. 10 பாருக்குக் கீழே போனால் தேய்மானம். தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அது ஒன்று, ஒன்றரை பாருக்குள் இருக்கட்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அழுத்தம் ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் அடுக்கிப் பாருங்கள். மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவியதுபோல் வெளுப்பாகவும் இருந்தால் அந்த சிலிண்டருக்குள் நீர் போகிறது.

ஐட்லிங்குக்கு ஓபிடி ரீடர் (வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) இருந்தால் ஃபியூயல் ட்ரிம்மைப் படியுங்கள்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம் அது. ஐட்லிங்கில் கூட்டல் 15 சதவீதம்போல் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் வேக்கம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே போகிறது. வெடித்த பிசிவி ஹோஸையும் (எஞ்சினின் உள் ஆவியை மறுபடி எரிக்கக் கொண்டுபோகும் குழாய்) இன்டேக் மேனிஃபோல்டு (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) கேஸ்கெட்டையும் பாருங்கள். நேர்மாறாக, ரேஸ் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. அப்போது ஃபில்டர், பம்ப் பக்கம் போக வேண்டும்.

லிங்க்_ராட்:

டொக் டொக் சத்தத்துக்கு மட்டும் சொல்றேன். சின்னப் பள்ளத்துல வர்ற சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரோட (திருப்பத்துல வண்டி சாயாம பிடிக்கிற கம்பி) லிங்க் ராட். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கி ஆட்டிப் பார்த்தா தெரியாது, ஏன்னா பார் முறுக்கிக்கிட்டு லிங்க்கை இறுக்கிப் பிடிச்சிருக்கும். ரெண்டு முன் சக்கரமும் தரையில இருக்கணும், இல்லைன்னா ரெண்டையும் ஸ்டாண்டுல தூக்கணும். சந்தேகம் தீரணும்னா ரெண்டு லிங்க்கையும் கழட்டிட்டு தெருவுக்குள்ளேயே மெதுவா ஓட்டுங்க. சத்தம் போச்சுன்னா அதுதான். அப்படியே திருப்பத்துல வேகமா போகாதீங்க, வண்டி சாயும். மாத்தும்போது ஜோடியா மாத்துங்க.

சத்தம் போகலைன்னா, சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற லோயர் ஆர்மோட புஷ் (ரப்பர் உறை), இல்லைன்னா பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு). புது புஷ் போட்டு வண்டி தூக்கின நிலையிலேயே போல்ட்டை முழுசா முறுக்கினா, இறக்கினதும் ரப்பர் முறுக்கியபடியே நிக்கும், சில மாசத்துல கிழிஞ்சிடும். சக்கரம் தரையில அமர்ந்து வண்டியோட எடை இறங்கின பிறகுதான் கடைசி முறுக்கு. அப்புறம் அலைன்மெண்ட்.

90ல நடுக்கம் ஸ்டீயரிங்குல இருந்தா முன் வீல் பேலன்சிங், சீட்டுல இருந்தா பின் வீல். பிரேக் போடும்போது மட்டும்னா டிஸ்க். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்தா டிரைவ் ஷாஃப்டோட உள்பக்க ஜாயின்ட். பேலன்சிங்குக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி டயர் பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணைப் படிங்க. 2316ன்னு இருந்தா 2016ஆம் வருஷத்தோட 23ஆவது வாரம் செஞ்ச டயர். பட்டன் (டயரோட மேல் பள்ளக் கோடு) எவ்வளவு இருந்தாலும் அது கிழ டயர்தான்.

தகரம்_தட்டி:

எஞ்சினைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கண்ணில் பட்டது ஈரக் கார்ப்பெட். இந்த இழையில் மிகவும் விலை கூடிய விஷயம் அதுவாக இருக்கலாம். பம்புக்கோ பெல்ட்டுக்கோ ஒரு காசு செலவழிக்கும் முன் அதைப் பாருங்கள்.

ஈரத்தை விரலில் தொட்டு உரசுங்கள். கூலண்ட் வழுவழுப்பாக, இனிப்பு வாசனையோடு இருக்கும். ஹீட்டர் போட்டால் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பசையாக மூடும். அப்படியென்றால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது கேபினுக்குச் சூடு தரும் சின்ன ரேடியேட்டர். வெறும் நீராக, மண்வாசனையாக இருந்தால் மழைநீர். விண்ட்ஷீல்டுக்கு அடியில், வைப்பர் மோட்டார் இருக்கும் தொட்டி போன்ற பள்ளத்தில் வடிகால் துளைகள் உண்டு. இலை தூசி அடைத்தால் நீர் தேங்கி, காற்று உள்ளே போகும் வழியாக உங்கள் காலடிக்கு வந்துவிடும்.

கார்ப்பெட்டைத் தூக்குங்கள். அடியில் பஞ்சுபோல் ஒரு திண்டு இருக்கும், அது லிட்டர் கணக்கில் நீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் தகரம் மாதக்கணக்கில் நீரில் ஊறிக்கொண்டிருக்கும். தரையையும், கதவுப் படிக்கு அடியிலுள்ள பெட்டிப் பகுதியையும் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீர் என்று ஒலிக்கும். உளுத்தது மொத்தென்று கேட்கும். மொத்தென்ற இடத்தில் மழுங்கிய முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அது பெயின்ட்டும் துருவும் மட்டும்தான். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்தினால், முன்பே பட்டி (பூசி மூடும் பசை) வைத்து மூடிய இடத்தில் அது ஒட்டாது.

நான்கு ஜாக்கி முனைகள், முன் ஷாக் அப்சார்பர் (ஸ்ட்ரட்) மேலே பொருந்தும் கிண்ணங்கள், பின் ஆக்ஸில் பொருந்தும் இடங்கள், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடங்கள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றை விடாதீர்கள். சஸ்பென்ஷனோ சீட் பெல்ட்டோ பிடித்திருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் ஓட்டை இருந்தால் அதை அழகுக் குறை என்று எண்ணாதீர்கள். மோதலில் வண்டி மடங்கும் இடம் அது.

மூடுபனி_விளக்கு:

எல்லாம் செய்தாயிற்று, நன்றி. முடிவுகள்:

டிப்ஸ்டிக் சுத்தம். மேல் ஹோஸ் இறுகவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது. கம்ப்ரெஷன் 12.4, 12.1, 12.3, 11.9 பார். பிளக்குகள் நான்கும் ஒரே பழுப்பு. பிரஷர் டெஸ்ட்டில் 1.1 பார் ஏற்றி பதினைந்து நிமிடத்தில் 0.8க்கு இறங்கியது. பெல்ட் கவருக்குள் பம்புக்குக் கீழே வெள்ளைக் கோடு, பெல்ட்டின் ஓரத்திலும் ஈரம். கூலண்ட் நிரப்பிக் காற்றை எடுத்ததும் ஐட்லிங் 750ல் நின்றுவிட்டது. சத்தம் லிங்க் ராடுதான். நடுக்கம் முன் வீல் பேலன்சிங்கில் போய்விட்டது.

ஆனால் தகரம்_தட்டி சொன்னதுதான் நடந்திருக்கிறது. கார்ப்பெட்டில் மழைநீர். தரையில் உள்ளங்கை அளவு ஓட்டை. அந்தப் பக்கக் கதவுப் படிப் பெட்டி பின் சக்கரம்வரை உளுத்திருக்கிறது. பின் ஆக்ஸில் பிராக்கெட் பொருந்தும் இடத்தில் ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கியது. இன்னொரு பக்கம் தட்டினால் கணீரென்றுதான் கேட்கிறது.

கிரீஸ்கை:

எஞ்சின் அருமையா இருக்கே. 2,12,000 ஓடியும் நாலு சிலிண்டரும் அரை பாருக்குள்ள நிக்குது. பெல்ட், அதை இறுக்குற டென்ஷனர், வழிநடத்துற உருளையான ஐட்லர், பம்பு நாலும் ஒரே செட்டா கிடைக்கும். பெல்ட்டுக்கு ஆறு வருஷம் ஆச்சு, கூலண்ட் வேற பட்டிருக்கு, எப்படியும் மாத்தணும். ஒரே கழட்டல்ல முடியும். போட்டதும் சாவியைத் திருப்பாதீங்க. கிராங்கை (எஞ்சினோட முக்கியச் சுழல் தண்டு) ஸ்பேனரால கையாலேயே ரெண்டு முழுச் சுத்து சுத்தி மார்க் சேருதான்னு பாருங்க. எங்கேயாவது இடிச்சா நிறுத்திடணும். இந்த மாதிரி எஞ்சின்கள் பலதுல பெல்ட் சில பல் தாவினாலே வால்வு பிஸ்டன்ல மோதக்கூடும். பாடியையும் வெல்டிங் பண்ணி வெச்சுக்கலாம்னுதான் எனக்குத் தோணுது.

தகரம்_தட்டி:

அந்த எஞ்சினைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் ஆசை வருகிறது. ஆனால் வேலையின் அளவைச் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்களுடையது.

தரை ஓட்டை சின்ன வேலை. கதவுப் படிப் பெட்டி அப்படியல்ல, அது வெளித் தகடு, உள் தகடு, நடுவில் வலுவூட்டும் தகடு என்று மூன்று அடுக்கு. வெளியே தெரியும் ஓட்டையைப்போல இரண்டு மடங்கு உள்ளே போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி, 1 முதல் 1.2 மி.மீ. தகட்டைச் சுற்றிலும் தொடர்ச்சியாக வெல்டு செய்ய வேண்டும். ரிவெட் அடித்து ஒட்டிய தகடும், ஃபைபரும் பட்டியும் எடை தாங்காது. அதற்கு சீட், கார்ப்பெட், பக்கத்தில் ஓடும் வயரிங், பெட்ரோல் குழாய் எல்லாம் விலக வேண்டும், பேட்டரி கழற்ற வேண்டும். முடிந்ததும் 8 மி.மீ. துளை போட்டு உள்ளே மெழுகு அடித்து ரப்பர் மூடி வைக்காவிட்டால், வெல்டு செய்த சூட்டில் பெயின்ட் எரிந்த உட்புறம் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி உளுக்கும்.

பின் ஆக்ஸில் பிராக்கெட் பகுதி இதைவிடக் கடினம். ஆக்ஸிலை இறக்கி, பிராக்கெட்டின் இடத்தை மற்றப் பக்கத்திலிருந்து அளந்து குறித்துக்கொண்டு வெல்டு செய்ய வேண்டும். சில மி.மீ. தவறினாலே வண்டி நேராக ஓடாது, பின் டயர் ஓரமாகத் தேயும். இதைத் தானே செய்யத் தெரிந்தவருக்கு இந்த வண்டி லாபம். கூலி கொடுத்துச் செய்தால் எனக்கு நியாயமாகப் படவில்லை. எஞ்சினுக்காக வைத்துக்கொள்ள நினைத்தாலும் எடையைச் சுமப்பது பாடிதான். இந்த நிலையில் ஆளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகாதீர்கள்.

டயர், பேட்டரி, பிரேக், பம்பு, லிங்க் ராட் இவையெல்லாம் எந்த வண்டிக்கும் வரும் செலவு. அதற்காக விற்பது தவறு. இது வேறு வகை.

ஃபீலர்_கேஜ்:

விற்பதென்றால் வண்டியின் குறையை மறைக்காமல் விற்பதே எளிது, விலையும் பெரிதாகக் குறையாது. வெல்டிங் தெரிந்தவர், அல்லது இதே மாடல் வைத்திருந்து எஞ்சின் தேடுபவர்தான் உங்கள் ஆள். அவருக்கு உங்கள் கம்ப்ரெஷன் எண்கள் பொன் மாதிரி. நான்கு எண்களையும் விளம்பரத்தில் அப்படியே எழுதுங்கள். ‘நல்ல கண்டிஷன்’ என்ற சொல்லால் அவருக்கு ஒன்றும் தெரியாது. துரு பிடித்த இடங்களில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், ஓட்டையின் அளவு தெரியட்டும்.

விலைக்கு அடித்தளம், அந்த வண்டி இரும்புக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் (புகையைச் சுத்தம் செய்யும், விலையுயர்ந்த உலோகம் உள்ள பாகம்) என்ன பெறும் என்பது. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குமேல் எஞ்சின், கியர்பாக்ஸ், கதவுகள், கண்ணாடிகள் என்று ஏற்றுங்கள். பம்பையும் பெல்ட்டையும் நீங்கள் மாற்றிக் கொடுத்தால் அந்தச் செலவு விலையில் முழுவதும் திரும்பாது.

வாங்க வருபவருக்கு எஞ்சினை முன்பே சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டைத்தான் அவர் கேட்க வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தாலே சந்தேகம் வரும். ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். விற்பனைத் தாளில் தேதி, நேரம், ஓடோமீட்டர் எண், ‘பின் ஆக்ஸில் இடத்தில் துரு, வாட்டர் பம்பு கசிவு, தெரிந்தே வாங்கப்படுகிறது’ என்ற வரி, இருவர் கையெழுத்து. பெயர் மாற்றத் தாள்களை அன்றே அனுப்புங்கள். பெயர் மாறியது உறுதியாகும்வரை இன்சூரன்ஸை நிறுத்தாதீர்கள். இடையில் அந்த வண்டி எங்காவது மோதினால் தேடி வருவது பதிவில் இருக்கும் பெயரைத்தான். டேஷ்போர்டு அறையில் முகவரி உள்ள காகிதங்களையும், ஸ்டீரியோவில் இணைத்த ஃபோன் பதிவுகளையும் நீக்கிவிடுங்கள்.

மூடுபனி_விளக்கு:

விற்கத்தான் போகிறேன். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. இரண்டு கேள்விகள் மட்டும். விற்கும்வரை கொஞ்ச தூரம் நகர்த்தலாமா? கசிவை அடைக்கும் திரவம் ஒன்று விற்கிறார்களே, அதை ஊற்றினால் ஆள் வரும்வரை தாங்குமா?

கிரீஸ்கை:

அந்தத் திரவம் வேண்டவே வேண்டாம். சுழல்ற பம்பு சீலை அதால அடைக்க முடியாது. ஹீட்டர் கோரோட மெல்லிய குழாய்ல போய்ப் படிஞ்சு அடைச்சுக்கும், வாங்கறவருக்கு ரெண்டாவது வேலையாயிடும். நல்லா இருக்கிற ஒரே பகுதி இந்த எஞ்சின்தான், அதைக் கெடுக்காம கொடுங்க. ஒழுகறதுக்கு ஈடா டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. ஏற்கெனவே என்ன வகை கூலண்ட் இருக்கோ அதே வகை, நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீங்க.

இடம் மாத்த நகர்த்தறதோட நிறுத்திக்கோங்க. பெல்ட் பக்கத்துல உறுமல் சத்தமோ கீச்சுன்னு சத்தமோ கேட்டா அதுக்கப்புறம் ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, பம்பு பேரிங் இறுகினா பெல்ட்டையும் அறுத்துக்கிட்டுப் போகும். அப்ப அந்த 12 பார் எண்ணுக்கு அர்த்தமில்லை. வாங்கறவர் வண்டியை ஏத்திக்கிட்டுப் போகட்டும், ஓட்டிக்கிட்டுப் போக வேண்டாம்னு விளம்பரத்துலயே போட்டுடுங்க.

தகரம்_தட்டி:

வைப்பருக்கு அடியிலுள்ள வடிகால் துளைகளில் மெல்லிய கம்பியை விட்டு இலையை எடுத்துவிடுங்கள். ஒரு குவளை நீர் ஊற்றி, அது முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் வடிகிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டை மறுபடி விரிக்க வேண்டாம். சுருட்டி டிக்கியில் வையுங்கள். வருபவர் தரையை நேராகவே பார்த்துக்கொள்வார், அதற்குள் தகரமும் காயும்.